கொழுப்பு தங்க இடமில்லாத உடலில் சர்க்கரை நோய்: மரபுவழி லிப்போடிஸ்ட்ரோபியும் அதன் சிகிச்சை நெறிகளும்

1. ஆய்வின் பொருளும் நோக்கமும்

சர்க்கரை நோயாளிக்கு மருத்துவரும் உறவினரும் ஒருமித்துச் சொல்லும் முதல் அறிவுரை, உடம்பைக் குறைக்க வேண்டும் என்பது. மிகப் பெரும்பாலோருக்கு அது சரியான அறிவுரை. ஆனால் உடலில் கொழுப்பே இல்லாததால், அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால், சர்க்கரை நோய்க்கு ஆளாகும் ஒரு சிறு கூட்டம் உண்டு. கை கால்கள் மெலிந்து, தசைகள் முறுக்கேறி, நரம்புகள் புடைத்துத் தெரியும் இவர்களுடைய இரத்தத்தில் பருமனானவர்களுக்கும் அரிதாகவே காணப்படும் அளவுக்குச் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் ஏறி நிற்கும். லிப்போடிஸ்ட்ரோபி என்று மருத்துவம் அழைக்கும் இந்நோய்த் தொகுதியில், பிறவியிலேயே மரபணுக் கோளாறால் வருபவற்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. எச்.ஐ.வி. மருந்துகளாலும் தன்னெதிர்ப்பு நோய்களாலும் பின்னாளில் வருபவை இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றே. இந்நோயில் இரத்தச் சர்க்கரை கடைசியாக வெளிப்படும் விளைவு. மூலக் குறை கொழுப்பைச் சேமிக்கும் திறனில் இருக்கிறது. ஆகவே உணவு, மாத்திரை, ஊசி ஆகிய மூன்றையும் அந்த மூலக் குறையிலிருந்து தொடங்கி வகுக்க வேண்டும். சர்க்கரையின் எண்ணை மட்டும் துரத்தும் சிகிச்சை இவர்களைக் காப்பாற்றாது.

2. வகைகளும் மரபணுக்களும்

2.1 பிறவி முழுமை வகை

1954இல் பிரேசிலில் பெரார்டினெல்லியும் 1959இல் நார்வேயில் மார்ட்டின் சைப்பும் விவரித்ததால் இவ்வகை இருவர் பெயராலும் வழங்குகிறது. குழந்தை பிறக்கும்போதோ சில மாதங்களுக்குள்ளோ தோலடிக் கொழுப்பு ஏறத்தாழ முழுவதும் இல்லாமல் இருக்கும். கன்னம் ஒட்டியிருக்கும், கல்லீரல் பெருத்து வயிறு முன்தள்ளும், தொப்புள் துருத்தி நிற்கும், பசி அடங்காது. கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் போலாகும். பெரும்பாலோருக்குப் பருவ வயதையொட்டிச் சர்க்கரை நோய் வெளிப்படும்.

இதற்கு முக்கியமாக நான்கு மரபணுக்கள் காரணமாகின்றன. ஏஜிபேட்2, கொழுப்பு மூலக்கூறைக் கட்டும் நொதி ஒன்றுக்கு உரியது. பிஎஸ்சிஎல்2 உருவாக்கும் புரதத்துக்குச் சைப்பின் நினைவாக சைப்பின் என்றே பெயர். கொழுப்பணுவுக்குள் கொழுப்புத் துளி உருவாக அது தேவை. கேவ்1, பிடிஆர்எஃப் ஆகிய மற்ற இரண்டும் மிக அரிதாகவே பழுதுபடுகின்றன. முதல் வகையில் உள்ளங்கை, உள்ளங்கால், கண்குழி ஆகிய இடங்களில் மெத்தைபோல் உதவும் கொழுப்பு எஞ்சியிருக்கும். சைப்பின் வகையில் அதுவும் இராது. இதயத்தசை நோயும் இலேசான அறிவுத்திறன் குறைவும் அவ்வகையில் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவை ஒடுங்கு மரபில் வருபவை. தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதான பிரதியைக் கடத்தினால்தான் குழந்தைக்கு நோய் வரும்.

2.2 குடும்பவழிப் பகுதி வகை

1970களின் நடுவில் பிரிட்டனில் டன்னிகனும் ஜெர்மனியில் கோபர்லிங்கும் விவரித்தவை இவை. டன்னிகன் வகையில் பிறப்பிலும் குழந்தைப் பருவத்திலும் உடல் இயல்பாக இருக்கும். பருவமடையும்போது கை, கால், பிட்டம் ஆகியவற்றிலிருந்து கொழுப்பு கரையும். முகத்திலும் தாடைக்குக் கீழும் பிடரியிலும் சேரும். அணுக்கருவின் உட்சுவரைத் தாங்கும் லாமின் புரதத்துக்கான எல்எம்என்ஏ மரபணுவே இதற்குக் காரணம் என்பது 2000இல் தெளிவாயிற்று. பெரும்பாலான குடும்பங்களில் பழுது அப்புரதத்தின் 482ஆம் இடத்தில் காணப்படுகிறது. கொழுப்பணு முதிர்ச்சிக்குத் தலைமை தாங்கும் பிபிஏஆர்ஜி மரபணு பழுதானால் வருவது இன்னொரு வகை. பிலின்1, ஏகேடி2, சைடெக் போன்ற மரபணுக்களும் சில குடும்பங்களில் காரணமாகின்றன.

டன்னிகன் வகை ஓங்கு மரபில் வருவது. ஒரு பெற்றோருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு உண்டு. ஆண்களிடம் இதைக் கண்டுபிடிப்பது கடினம். தசை தெரியும் மெலிந்த கால் ஆணுக்கு இயல்பு என்று எல்லோரும் கடந்துபோய்விடுகிறோம்.

3. சர்க்கரை ஏறும் வழி

உணவில் மிகும் ஆற்றலைக் கொழுப்பாக மாற்றிப் பத்திரமாக வைப்பது தோலடிக் கொழுப்புத் திசுவின் வேலை. குதிர் இல்லாத வீட்டில் அறுவடை வந்திறங்கினால் நெல் கூடத்திலும் அடுக்களையிலும் குவிவதுபோல, சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் சேர்கிறது. கல்லீரலில் சேர்ந்த கொழுப்பால், குளுக்கோஸ் உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் இன்சுலினின் கட்டளை அங்கே எடுபடாமல் போகிறது. தசையில் சேர்ந்தது, இரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளிழுப்பதைத் தடுக்கிறது. ஈடுகட்டக் கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து, ஒரு கட்டத்தில் தளர்ந்துபோகும்போது சர்க்கரை நோய் தலைகாட்டுகிறது.

இரண்டாவது வழி ஹார்மோன் சார்ந்தது. 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின், கொழுப்பணுக்கள் சுரக்கும் ஹார்மோன். சேமிப்பு போதும் என்று மூளைக்குத் தெரிவிப்பது அதன் பணி. கொழுப்பணு இல்லையென்றால் லெப்டினும் இல்லை. மூளை பட்டினி நிலை என்றே எடுத்துக்கொள்கிறது. பசி ஓயாமல் எழுகிறது. உண்டது மறுபடியும் சேமிக்க இடமின்றிக் கல்லீரலுக்கே போகிறது.

இந்த இரு வழிகளையும் எலி ஆய்வுகள் ஐயமற நிறுவின. 1999இல் டாலஸில் கோல்ட்ஸ்டீன், பிரவுன் குழுவினர் தோலடிக் கொழுப்பு வளராத எலிகளுக்கு லெப்டின் கொடுத்தபோது அவற்றின் இன்சுலின் எதிர்ப்பு மறைந்தது. அதையொட்டி, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கொழுப்பில்லாத இன்னொரு வகை எலிக்கு இயல்பான எலியின் கொழுப்புத் திசுவைப் பதியமிட்டபோது சர்க்கரை நோயே நீங்கியது. கொழுப்பு கூடினால் நோய் என்று மட்டுமே பழகிய மருத்துவ உலகுக்கு, கொழுப்பைத் திருப்பிக் கொடுத்தால் நோய் தீரும் என்ற செய்தி புதிய கதவைத் திறந்தது.

4. அடையாளம் காணல்

4.1 கண்ணால் காண்பது

இந்நோயை முதலில் கண்டறிவது ஆய்வகம் அல்ல, மருத்துவரின் கண். முகமும் கழுத்தும் சதைப்பற்றோடு இருக்கும் ஒரு பெண் சர்க்கரை நோய்க்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடை மறைப்பதால் பார்வைக்கு அவர் சற்றே பருமனானவர். கெண்டைக்காலைப் பார்த்தால் தசை பிரிந்து தெரிகிறது. அதன்மேல் நரம்புகள் கயிறுபோல் ஓடுகின்றன. தொடையின் முன்பக்கத் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கினால் பிடிக்குள் வருவது தோல் மட்டுமே. மடிப்பளவுக் கருவியில் பெண்களுக்கு அங்கே 22 மில்லிமீட்டருக்குக் கீழே காட்டினால் பகுதி வகையை ஐயுற வேண்டும். பிடரியில் கருமை இருக்கும். பருவ வயதிலிருந்தே கால் இப்படித்தானா, தாய்க்கும் அக்காவுக்கும் இதே கால்தானா என்று கேட்டால் பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

4.2 ஆய்வகம் சொல்வது

ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருக்கும். எடுத்த இரத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைத்தால் மேலே தெளிந்து நிற்க வேண்டிய திரவம் பால்போல் வெண்மையாக இருப்பதை ஆய்வகப் பணியாளரே கவனித்துச் சொல்வதுண்டு. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைந்திருக்கும். கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கும். சர்க்கரை அதிகமாக இருந்தும் கீட்டோன் பொதுவாக மிகாது. நாளொன்றுக்கு 200 யூனிட்டுக்கு மேல், அல்லது கிலோவுக்கு 2 யூனிட்டுக்கு மேல் இன்சுலின் தேவைப்படுவது கடுமையான எதிர்ப்பின் அடையாளம்.

லெப்டின் அளவை மட்டும் வைத்து நோயை உறுதி செய்யவோ மறுக்கவோ இயலாது. முழுமை வகையில் அது மிகக் குறைவு. பகுதி வகையில் இயல்பாகவும் இருக்கலாம். குடும்பத்தில் மரபணுப் பழுதை உறுதிசெய்வது சிறந்தது. ஆனால் அறியப்பட்ட மரபணுக்களில் பழுது தென்படாவிட்டாலும் உடலமைப்பு தெளிவாக இருந்தால் நோயறிதல் நிற்கும்.

4.3 தவறவிடும் இடங்கள்

ஒல்லியான சிறுவரை டைப் 1 என்றும், முகம் பருத்த பெண்ணைக் குஷிங் நோய் அல்லது சாதாரண டைப் 2 என்றும், மாதவிடாய் தவறும் இளம்பெண்ணைச் சினைப்பை நீர்க்கட்டி என்றும் முத்திரை குத்துவது வழக்கமாக நடப்பது. கடைசித் தவற்றின் விலை மிகப் பெரிது. நீர்க்கட்டிக்கெனப் பழக்கமாக எழுதப்படும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ட்ரைகிளிசரைடை மேலும் ஏற்றிக் கணைய அழற்சியில் கொண்டுபோய் விடக்கூடும்.

5. சிகிச்சை

2016இல் பல மருத்துவச் சங்கங்கள் இணைந்து வெளியிட்ட பன்னாட்டு நெறிமுறையே இன்று இத்துறையின் அடித்தளம். அதன் சாரத்தோடு, ஒவ்வொரு படியின் காரணமும் கீழே தரப்படுகிறது.

5.1 உணவு

சேமிக்க இடமில்லாதபோது வரவைக் குறைப்பதே முதல் மருந்து. மொத்த ஆற்றலில் 50 முதல் 60 விழுக்காடு மாவுச்சத்து, 20 முதல் 30 விழுக்காடு கொழுப்பு, ஏறத்தாழ 20 விழுக்காடு புரதம் என்பது பொதுவான பங்கீடு. நாளொன்றுக்கு 1500 கலோரி உண்பவருக்குக் கொழுப்பு 33 முதல் 50 கிராம் வரை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே ஏறத்தாழ 14 கிராம் என்பதால், தாளிப்பும் பொரியலும் தேங்காயும் சேர்ந்து அந்த வரம்பை மதியத்துக்குள் எட்டிவிடும். மாவுச்சத்திலும் சர்க்கரை, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவை கல்லீரலில் நேரே கொழுப்பாக மாறுவதால் தவிர்க்கப்பட வேண்டும்; முழுதானியமும் பருப்பும் காய்கறியும் அவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்து கணைய அழற்சி வந்தவர்களுக்குக் கொழுப்பை இன்னும் கடுமையாகக் குறைக்க நேரும். மது அறவே கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் குடும்பம் முழுவதுமே மனம் மாற வேண்டியிருக்கிறது. "பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கு, நெய்யும் முட்டையும் கூடக் குடு" என்று பாட்டி சொல்வது அன்பினால். ஆனால் அந்த நெய் கன்னத்தில் ஏறாது, கல்லீரலில்தான் ஏறும். எடை கூட்டும் நோக்கில் அதிகமாக ஊட்டினால் நோய் முற்றும். அதே சமயம் வளர்ச்சிக்குத் தேவையானதைக் குறைக்கவும் கூடாது. எடை, உயர வரைபடத்தைப் பார்த்துப் பார்த்தே அளவு தீர்மானிக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு கொண்ட பால்மாவு ட்ரைகிளிசரைடைக் குறைக்க உதவலாம்.

5.2 உடற்பயிற்சி

தசையில் குவிந்த கொழுப்பை எரிக்க உடலுழைப்பு உதவுகிறது. ஆனால் இதயத்தசை நோய் இருக்கிறதா என்று எக்கோ எடுத்துப் பார்த்த பிறகே கடும் பயிற்சிக்கு அனுமதி தர வேண்டும். கல்லீரலும் மண்ணீரலும் பெருத்தவர்கள், எலும்பில் துளைபோன்ற சிதைவு உள்ளவர்கள் ஆகியோர் மோதல் நிகழும் விளையாட்டுகளிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

5.3 மாத்திரைகள்

மெட்ஃபார்மின் முதல் மருந்து. கல்லீரலின் குளுக்கோஸ் உற்பத்தியைக் குறைக்கிறது. பசியையும் ஓரளவு தணிக்கிறது. பியோகிளிட்டசோன் கொழுப்பணுக்களை முதிரச் செய்வது. ஆதலால் பகுதி வகையில், எஞ்சிய கொழுப்பணுக்களைக் கொண்டு அது பயன் தரலாம். ஆனால் முகம், கழுத்து போன்ற ஏற்கெனவே கொழுப்பு சேர்ந்த இடங்களில் மேலும் சேர்க்கும் அபாயமும் அதற்கு உண்டு. இதய நோய் உள்ளவர்களிடம் நீர் தேக்கமும் ஏற்படும். ஜிஎல்பி-1 வகை ஊசிகளைக் கணைய அழற்சி வந்தவர்களுக்கு எழுதும்போது எச்சரிக்கை வேண்டும். எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழி வெளியேற்றுவதால் சிலருக்கு உதவுகின்றன. இந்நோயாளிகளிடம் அவற்றின் அனுபவம் இன்னும் சிறியதே.

5.4 இன்சுலின்

மாத்திரைகள் போதாதபோது இன்சுலின் வருகிறது. இங்கேதான் நடைமுறைச் சிக்கல் மிகுதி. இந்தியாவில் குப்பிகளில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் கொண்டது. நாளொன்றுக்கு 200 யூனிட் வேண்டியவர் அதில் 5 மில்லி செலுத்திக்கொள்ள வேண்டும். ஒரு மில்லி சிரிஞ்சில் அது ஐந்து முறை நிரப்பல். தோலுக்கடியில் மெத்தையே இல்லாத உடலில் அவ்வளவு திரவத்தை ஏற்றுவது நாள்தோறும் வலி. மில்லிக்கு 500 யூனிட் கொண்ட அடர் இன்சுலினில் அதே அளவு 0.4 மில்லியில் முடிந்துவிடும். செறிவு மாறும்போது சிரிஞ்சும் கணக்கும் மாற வேண்டும் என்பதை நோயாளியின் கையாலேயே செய்துகாட்டச் சொல்லி உறுதிசெய்த பிறகே அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கணக்கில் நேரும் ஒரு பிழை உயிரைப் பறிக்கும்.

ஊசி போடும் இடமும் முக்கியம். கொழுப்பு எஞ்சியுள்ள பகுதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். கொழுப்பு இல்லாத இடத்தில் போட்டால் ஊசி தசைக்குள் இறங்கலாம். அவ்விடங்களில் கிளார்ஜின், டெக்லுடெக் போன்ற நீண்டநேர இன்சுலின்கள் எதிர்பார்த்த வேகத்தில் வேலை செய்யாமல் போகலாம்.

5.5 லெப்டின் மாற்று

லெப்டின் குறையை நேரடியாக ஈடுசெய்யும் மருந்து இது. 2002இல் எலிஃப் ஓரல், கோர்டன், அபிமன்யு கார்க் முதலியோர் வெளியிட்ட ஆய்வில் 9 பெண்களுக்கு நான்கு மாதம் லெப்டின் கொடுக்கப்பட்டது. ட்ரைகிளிசரைடு சராசரியாக 60 விழுக்காடு வீழ்ந்தது; சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 1.9 புள்ளி குறைந்தது. கல்லீரலின் பருமன் சுருங்கியது. நாள்தோறும் பெருமளவு இன்சுலின் போட்டவர்கள் அதைக் குறைத்தோ நிறுத்தியோ விட்டார்கள். பசி குறைந்து உணவு குறைந்ததால்தான் இந்தப் பலன் வந்ததா என்ற கேள்விக்குப் பின்வந்த ஆய்வு விடை தந்தது. மருத்துவமனையில் வைத்து உணவின் அளவை மாற்றாமலே கொடுத்தபோதும் இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது.

மெட்ரெலெப்டின் என்ற இம்மருந்து 2013இல் ஜப்பானிலும் 2014இல் அமெரிக்காவிலும் 2018இல் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. அமெரிக்க ஒப்புதல் முழுமை வகைக்கு மட்டுமே. ஐரோப்பா, வழக்கமான சிகிச்சை பலிக்காத பகுதி வகையினருக்கும் 12 வயது முதல் இடமளிக்கிறது. பகுதி வகையில் லெப்டின் அளவு குறைவாகவும், சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் மிக உயர்ந்தும் இருப்பவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிகிறது. பொதுவான பருமனில் லெப்டின் ஏற்கெனவே மிகுந்திருப்பதால் இம்மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

நாள்தோறும் ஒரு வேளை தோலடியில் போடும் ஊசி இது. 40 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 5 மில்லிகிராமிலும் ஆண்களுக்கு 2.5 மில்லிகிராமிலும் தொடங்கி, அதிகபட்சம் 10 மில்லிகிராம் வரை போகலாம். தொடங்கும்போது பேரளவு இன்சுலின் போடுபவரின் அளவைப் பாதியோ அதற்கு மேலோ குறைக்க வேண்டி வரலாம். இல்லையேல் தாழ்சர்க்கரை தாக்கும். உடல் இம்மருந்துக்கு எதிராக நடுநிலையாக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கக்கூடும். பிறவியில் அன்றிப் பின்னாளில் முழுமை வகை வந்தவர்கள் சிலருக்கு டி-அணு லிம்போமா கண்டறியப்பட்டது. இவ்விரண்டும் அமெரிக்காவில் மருந்தின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கைகளாக இடம்பெற்றுள்ளன. திடீரென நிறுத்தினால் ட்ரைகிளிசரைடு துள்ளிக் கணைய அழற்சி வரக்கூடும். படிப்படியாகக் குறைத்து, அந்நாட்களில் கொழுப்புணவையும் கட்டுப்படுத்த வேண்டும். உலகின் விலையுயர்ந்த மருந்துகளுள் ஒன்று என்பதால், யாருக்கு இது தவிர்க்கவே முடியாதது என்பதை முடிவெடுக்கும் பொறுப்பு மருத்துவருக்குக் கூடுகிறது.

5.6 கொழுப்பு, கல்லீரல், இதயம், சிறுநீரகம்

இந்நோயாளிகளின் உயிரைப் பறிப்பது உயர் சர்க்கரையைவிடக் கல்லீரல் சிரோசிஸும் இதய நோயும் கணைய அழற்சியுமே. ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் ஃபைப்ரேட், மீன்எண்ணெய் அமிலம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும், எல்டிஎல்லுக்கு ஸ்டாட்டின். சிறுநீரில் புரதம் கசிந்தால் ஏஸ் தடுப்பி. ஆண்டுதோறும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், கல்லீரல் நொதிகள், சிறுநீர்ப் புரதம், இரத்த அழுத்தம் ஆகியவற்றையும், முழுமை வகையில் இசிஜி, எக்கோ ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்; டன்னிகன் வகையில் இவ்விரண்டையும் நோயறியும்போதும் பின்னர்த் தேவைப்படும்போதும் எடுக்க வேண்டும்.

6. பெண்களும் கர்ப்பமும்

பகுதி வகையின் சுமையைப் பெண்களே கூடுதலாகச் சுமக்கிறார்கள். அதே மரபணுப் பழுதுள்ள சகோதரனைவிட அவர்களுக்குச் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் கடுமையாக வருகின்றன. கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தவிர்த்து, புரோஜெஸ்டின் மட்டும் உள்ளதையோ காப்பர்-டி போன்றதையோ தேர்வது பாதுகாப்பு. கர்ப்பத்தில் ட்ரைகிளிசரைடு இயல்பாகவே ஏறும்; இவர்களிடம் அது ஆபத்தான உயரத்துக்குப் போகலாம். கருத்தரிக்கும் முன்னரே ஸ்டாட்டின், ஏஸ் தடுப்பி ஆகியவற்றை மாற்றித் திட்டமிட வேண்டும். மகப்பேறு மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவரும் சேர்ந்தே கவனிக்க வேண்டும்.

உடலைப் பற்றிய பேச்சும் நோயின் ஒரு பகுதி. ஆம்பிளை மாதிரி கை கால் என்ற ஒரு சொல்லைப் பள்ளி நாள் முதல் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, அது தன் குறையல்ல, ஒரு மரபணுவின் செயல் என்று தெளிவாகச் சொல்வதே ஒரு சிகிச்சை.

7. குடும்பமும் நம் சமூகமும்

ஒடுங்கு மரபு வகைகள் இரத்த உறவுத் திருமணங்களில் கூடுதலாகத் தோன்றும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று மணமுறைகள் நிலவும் தமிழ்நாட்டில் இதைப் பழிச்சொல்லாகப் பேசாமல் தகவலாகச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தைக்கு முழுமை வகை வந்திருந்தால் அதே பெற்றோரின் ஒவ்வொரு அடுத்த கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பகுதி வகை கண்டறியப்பட்ட வீட்டில் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் சர்க்கரை வருவதற்கு முன்பே பரிசோதிக்கலாம்.

இந்த அரிய நோய் பெருங்கூட்டத்துக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகளை 10.1 கோடி என்று மதிப்பிட்டது. அவர்களுள் மெலிந்த உடலினர் பலர். 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் தங்கள் இருவரையுமே எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய சிறு கட்டுரையில் இருவரின் உடற்பருமன் குறியீடும் 22.3, கொழுப்போ ஒருவருக்கு 21.2 விழுக்காடு, மற்றவருக்கு 9.1. எடைத்தராசு உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 2017இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த ஆய்வு, இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புடைய 53 மரபிடங்களைக் காட்டியது. அவற்றின் கூட்டு விளைவு கை கால் கொழுப்பு குறைவது. அரிய நோயில் முற்றிலும் அறுபட்டிருக்கும் சேமிப்புத் திறன், சாதாரண டைப் 2 நோயாளிகள் பலரிடம் சற்றே குறைந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் எழுகின்றன. முதலாவது, ட்ரைகிளிசரைடு மிகுந்தும் இன்சுலின் பேரளவில் தேவைப்பட்டும் இருக்கும் ஒவ்வொரு நோயாளியின் தொடையையும் கெண்டைக்காலையும் மருத்துவர் ஒருமுறை பார்த்தாக வேண்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை, சில நிமிடமே போதும். இரண்டாவது, சிகிச்சையின் வெற்றியை ஹெச்பிஏ1சியால் மட்டும் அளக்காமல் ட்ரைகிளிசரைடும் கல்லீரலும் எங்கே நிற்கின்றன என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும். மூன்றாவது, லெப்டின் எட்டாத இடத்திலும் உணவுக் கட்டுப்பாடு, மெட்ஃபார்மின், சரியான இடத்தில் சரியான செறிவில் போடும் இன்சுலின், ஈஸ்ட்ரோஜனைத் தவிர்த்தல் ஆகியவை நம் ஊர் மருத்துவமனைகளிலேயே இன்றே தொடங்கக்கூடியவை. மருந்து கிடைக்கவில்லை என்ற காரணத்தால் நோயறிதலைத் தள்ளிப்போட எவருக்கும் நியாயமில்லை. பெயர் தெரிந்த நோயாளிக்குத் தவறான மாத்திரை எழுதப்படாது. அவருடைய தங்கையும் மகளும் கணைய அழற்சி வருமுன்பே காப்பாற்றப்படுவார்கள்.